பையில் வாங்காத பருப்புக் கறி

வேலை தேடி வந்த நாட்டில், லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடை. என்னிடம் இருப்பது இரண்டு பரோட்டாவுக்குத்தான் போதும். நாளை ஜோகூரில் வேலை கிடைக்கும்வரை இதுதான் சாப்பாடு. கடைக்கார அக்கா பரோட்டாவோடு சும்மா தரும் பருப்புக் கறியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றப் போகிறார். நான் தூக்குவாளியை நீட்டுகிறேன்.

“இது எதுக்குத் தம்பி?”

“தமிழ்நாட்டுல பிளாஸ்டிக் பைக்குத் தடை, அக்கா. பாத்திரம் கொண்டுபோனாத்தான் குழம்பு. பழகிடுச்சு.”

அந்தத் தடையால்தான் பை செய்யும் கம்பெனியில் எனக்கிருந்த வேலை போனது.

ஒரு பை அளவு கறி ஊற்றியும் கால் வாளிகூட நிறையவில்லை. அக்கா எட்டிப் பார்க்கிறார்.

“பாக்கவே நல்லா இல்ல லா.”

மூடி போட முடியாத அளவுக்கு ஊற்றுகிறார். அங்கேயே நின்று ஒரு வாய் குடித்துவிட்டு மூடுகிறேன். வருடக்கணக்காக அந்தத் தடையைத் திட்டிய வாய்தான். இன்று அதில் சூடான பருப்பு.