மோப்பக்காரிக்கு முன்னால் வந்த கேன்

என் அக்காவை இந்தப் பக்கத்தில் யாருக்கும் பிடிக்காது. மோப்பக்காரி என்று பட்டப்பெயர். கல்யாண வீட்டில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்தாலும் முதலில் மூக்கருகே கொண்டுபோவாள். அடுத்த விசேஷத்துக்கு அவளைக் கூப்பிட மறந்துவிடுவார்கள். எனக்குக் குழந்தை பிறந்தபோது பார்க்க வந்தவள், பால் பாட்டிலைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைப் பார்த்தாள். கூடப் பிறந்த எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

பால் சங்கத்தில் அவளுக்குத் தற்காலிக வேலை. வீட்டோடு தயிர் போட்டு விற்பவர்களுக்குச் சுத்தம் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் அப்படி நான்கு கொட்டகைகள். கடைசி என் மாமனாருடையது. நான்கும் தேறினால் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தயிர் கொடுக்கலாம், அக்காவின் வேலையும் நிரந்தரமாகும். அதனால் அவள் கண்டும் காணாமல் போய்விடுவாள் என்று தெருவே நம்பியது. அவளைத் தெரியாத தெரு.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பால் கேனை ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் கழுவி, மூடியில் இருக்கும் ரப்பரைக் கழற்றிக் காயவைக்க வேண்டும். இதற்கே மாமனார் குதித்தார். மாடு என்ன குளித்துவிட்டா பால் கொடுக்கிறது என்று தெருவில் கேட்டுச் சிரிக்க வைத்தார்.

நான்கு பேரும் கூடி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பளபளவென்று ஒரே ஒரு எவர்சில்வர் கேன் வாங்கினார்கள். பழைய கேன்களை வைக்கோலுக்குப் பின்னால் தள்ளினார்கள். அக்கா ஒரு கொட்டகையைப் பார்த்து முடித்து வாசலில் பேசிக்கொண்டிருக்கும்போதே கேன் பின்சந்து வழியாக பைக்கில் அடுத்த கொட்டகைக்குப் போய்விடும். என்ன மூளை!

கடைசிப் பரிசோதனை அன்று அது எங்களிடம் பால் ஈரத்தோடு வந்தது. பக்கத்துக் கொட்டகையில் மடி வீங்கிய மாட்டுக்கு ஊசி போட்டிருந்தார்கள், அந்தப் பால் குடிக்க ஆகாது என்பது எனக்குத் தெரியும். கழுவிவிடலாம் என்றேன். அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள், உன் வேலையைப் பார் என்று மாமனார் சீறினார். காய்ச்சி ஆறவைத்த பாலை அப்படியே அதில் ஊற்றினார்.

அக்கா மூடியைத் திறந்தாள், குனிந்தாள். பிறகு மூடியைத் திருப்பி ரப்பரை நகத்தால் நெம்பினாள். உள்ளே மஞ்சளாகப் பிசுக்கு.

"காலையிலேர்ந்து இதே கேனைத்தான் பாக்கிறேன். கைப்பிடியில அதே நசுங்கல். ஒவ்வொரு வீட்டுப் பாலும் அடுத்த வீட்டுப் பாலுக்குள்ள போயிருக்கு. இதை நோயாளிக்குக் குடுக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மாமனாருக்கு முகம் கறுத்துவிட்டது. "நோயாளி என்ன, என் பேரனுக்கே குடுக்கிறேன், பாருங்க" என்று ஒரு டம்ளர் மொண்டார். நடை பழகாத என் மகன் தூணோரம் உட்கார்ந்திருந்தான். டம்ளர் அவன் வாய்க்குப் போவதற்குள் அவனை வாரி எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை, கை செய்துவிட்டது.

கொட்டகையே என்னைப் பார்த்தது. மாமனார் பாலைத் தானே மடமடவென்று குடித்து, டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். அக்கா நான்கு கொட்டகையும் தேறவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். என்னிடம் கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரித் தயிர் கைவிட்டுப் போனது. அக்காவின் வேலையும் போனது. இப்போது வேறு ஊரில் ஒரு ஜாம் கம்பெனியில் இருக்கிறாள். அங்கேயும் இந்நேரம் ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பார்கள்.

மாமனாருக்கு ஒரு வயிற்றுவலிகூட வரவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமே, வந்திருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். அதன்பிறகு சாப்பாட்டில் உட்காரும்போதெல்லாம், யார் வந்திருந்தாலும், என்னைப் பார்த்து ஒரே கேள்வி: "குடிச்சேனே, எனக்கு என்ன ஆச்சு?" என் வீட்டுக்காரர் தட்டைவிட்டுத் தலை நிமிர மாட்டார்.

போன வாரம் உறவுக்காரர்கள் நிறைந்திருந்தபோது மறுபடியும் கேட்டார். எனக்கும் வாய் இருக்கிறது.

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலை மாமா. கேன்ல பால் இன்னும் நிறையவே இருந்துச்சு. அக்கா போனதுக்கு அப்புறமாவது இன்னொரு டம்ளர் மொண்டு உங்க பேரனுக்குக் குடுத்திருக்கலாமே. ஏன் குடுக்கலை?"

இப்போது அவர் அந்தக் கேள்வியையும் கேட்பதில்லை, என்னோடு பேசுவதும் இல்லை.