பின்கட்டில் எனக்கொரு தனி அறை

எங்கள் ஆடிட்டர் அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரத வீதிப் பழைய வீடு ஒன்றுக்குக் குடிபோனபோது, வீட்டுக்காரர் ஒரே நிபந்தனைதான் போட்டார்: சுவரில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. ஆடிட்டருக்கு அதுவே பெருமையாகிவிட்டது. தேக்குத் தூண்கள் நிற்கும் முன்கூடமான பட்டாசாலையில் தன் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். பூஜையறைக்குள் சர்வர் போனது. நெட் வரவில்லை என்றால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போய்ப் பார்ப்போம். முற்றத்துக்கு மேல் பிளாஸ்டிக் தகடு போட்டு, தரையில் நிற்கிற ஏசியும் வைத்தாயிற்று.

அலுவலகத்தில் நான் ஒருத்திதான் பெண். தலைமைக் கணக்காளர்.

"மேடத்துக்குப் பின்கட்டுல தனி கேபின்" என்றார் ஆடிட்டர்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ராஜபாளையத்தில் என் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் உட்கார்ந்து சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டேன்.

அறை கொஞ்சம் விசித்திரம்தான். வீட்டுப் பக்கம் கதவே கிடையாது. ஒரே கதவு, அதுவும் கொல்லையைப் பார்த்து. எதிரிலேயே குளியலறை, கக்கூஸ். அடுக்களைச் சுவரில் ஒரு தட்டு நுழையும் அளவுக்குச் சின்னத் திறப்பு. ஆபீஸ் பையன்கள் அதன் வழியாகத்தான் ஃபைல் நீட்டுவார்கள். அந்தக் காலத்திலேயே என்னமாய் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள் என்று நானும் மெச்சிக்கொண்டேன்.

ஒருநாள் வீட்டுக்காரரின் அக்கா மதுரையிலிருந்து வீட்டைப் பார்க்க வந்தார். என் வாசலில் நின்றவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா, உன்னைய ஆரு இங்க உக்கார வச்சது? மாசாமாசம் மூணு நாளு ஒதுங்கி இருக்கிற ரூமுல்லா இது! அக்கா தங்கச்சி அம்புட்டு பேரும் இங்கனதான் கெடந்தோம். சோத்தத் தட்டுல வச்சு அந்த ஓட்டை வழியாத்தான் தள்ளுவாவ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக ஆடிட்டரிடம் போய், வீட்டு வரலாற்றையும் பெண்ணுரிமையையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தேன். மனிதர் பதறிப்போய் அன்றைக்கே பட்டாசாலையில், தூணோரம், ஏசிக்கு நேர் எதிரே எனக்கு மேசை போட்டுவிட்டார். எனக்கு வெற்றிதான், சந்தேகமே இல்லை.

வெற்றியின் லட்சணம் அந்த மாதமே தெரிந்தது. பட்டாசாலையிலிருந்து கொல்லைக் கக்கூஸுக்குப் போக ஒரே வழி, மீட்டிங் ரூமாக மாறியிருந்த இரண்டாம் கட்டு. அன்று உள்ளே கணக்குப் பேச வந்த மில்காரர்கள். கதவு சாத்தியிருந்தது. வயிற்று வலியோடு, கைப்பையை அணைத்துக்கொண்டு நின்றேன். திறந்தால் அத்தனை ஆண்களும் தலை நிமிர்ந்து என்னையும் பையையும் பார்ப்பார்கள். சேலையில் பட்டுவிடுமோ என்ற பயத்தில் அழுகையே வந்துவிட்டது. பெண்களை ஒதுக்கி வைக்கக் கட்டியவன், பாவி, அவர்களுக்கும் உடம்பு உண்டு என்பதையாவது யோசித்திருக்கிறான். எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

கடைசியில் கதவைத் திறந்து, யார் முகத்தையும் பார்க்காமல் கடந்துதான் போனேன்.

மறுநாள் காலையில் ஆடிட்டரிடம் போய், பழைய அறையே போதும் என்றேன்.

"அவமானம்னு அம்புட்டு சண்டை போட்டீங்களே மேடம்? இப்ப என்ன ஆச்சு?"

நியாயமான கேள்வி. சுற்றிலும் எல்லோரும் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"ஏசி ஒத்துக்கல சார்" என்றேன்.