பெரியப்பா புல் தின்னக் கூடாது

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷத்தில் பெரும்பகுதியை, பெரியப்பா என்றைக்குப் புல் தின்னப் போகிறாரோ என்ற பயத்திலேயே கழித்தேன். வெளியில் சொல்லக்கூடிய பயமாக அது இல்லை. எங்கள் வீட்டில் பெரியப்பாவைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை. அவர் சொல்வதைத்தான் கேட்பார்கள்.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கொத்தனாராக வந்து, கான்ட்ராக்டராக வளர்ந்தவர் பெரியப்பா. ஊரிலிருந்து ஆட்களை வரவழைத்து வேலை கொடுத்தார். தம்பி என்று அப்பாவையும் கூப்பிட்டு மேற்பார்வைக்கு வைத்துக்கொண்டார். ஆரியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் முன் வீடு அவருடையது, பின் வீட்டில் நாங்கள். எங்கள் தமிழ்ச் சபைக்கும் அவர்தான் தலைவர். அப்போது சபை ஒரு வெங்காய மொத்தக் கடையின் மாடியில் கூடியது. பெரியப்பாவின் செருப்புச் சத்தம் மரப்படியில் கேட்கும் வரை போதகர் முதல் பாட்டை அறிவிக்க மாட்டார். வெங்காய வாசனையில் நாங்கள் எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படியைப் பார்த்தபடி இருப்போம்.

ஞாயிறு பள்ளியில் எங்களுக்குப் பாடம் சொல்லித் தந்தவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா. அவளுடைய அம்மா பெரியப்பாவிடம் சித்தாளாக வேலை பார்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா நேபுகாத்நேச்சார் ராஜாவின் கதையைச் சொன்னாள். பாபிலோனை ஆண்ட பெரிய ராஜா. ஒருநாள் அரண்மனை மாடியில் உலாவிக்கொண்டே, இந்தப் பட்டணம் நான் கட்டியதல்லவா என்று பெருமை பேசினான். பேச்சு வாயில் இருக்கும்போதே வானத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது, உன் அதிகாரம் உன்னைவிட்டுப் போயிற்று என்று. அவ்வளவுதான், புத்தி மாறிவிட்டது. மாடுகளோடு நின்று புல் தின்றான். தலைமயிர் கழுகின் இறகு போலவும் நகம் பறவையின் நகம் போலவும் வளர்ந்தன.

"அகந்தை வந்தா ஆண்டவர் தாழ்த்திருவாரு" என்றாள் அக்கா. எங்களில் பாதிப் பேருக்கு அகந்தை புரியவில்லை. நாங்கள் மலையாளப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். "அகங்காரம்" என்று அவள் மாற்றிச் சொன்னதும் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. வீட்டுப்பாடம் எழுதாதவர்களைப் பார்த்து எங்கள் டீச்சர் தினமும் சொல்லும் வார்த்தை அது.

"சரிக்கும் புல்லு தின்னுமோ, சேச்சி?" என்று ஒரு பையன் கேட்டான்.

"நெசமாத்தான் தின்னாரு. பெறவு ஒருநா வானத்தப் பாத்தாரு. ஆண்டவர்தான் பெரியவருன்னு ஒத்துக்கிட்டாரு. புத்தி திரும்பி வந்துது. ஆண்டவர் ராஜ்யத்தையும் திருப்பிக் குடுத்துட்டாரு."

மற்றப் பிள்ளைகள் பிஸ்கட் வாங்க ஓடினார்கள். எனக்குக் கதை வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தச் சமயத்தில்தான் சபைக்குச் சொந்தமாகக் கோயில் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாதான் கட்டினார். சபை ஆட்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூலியில்லாமல் வந்து கல்லும் மண்ணும் சுமந்தார்கள். அக்காவின் அம்மா ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. மேல்தளம் போட்டு முடித்த பிறகு ஒரு சாயங்காலம் பெரியப்பா அப்பாவையும் என்னையும் மாடிக்கு அழைத்துப் போனார். இடுப்பில் கைவைத்து நின்று, சாலைக் கடைத்தெருவின் கூரைகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பாத்தியாட்டி? நான் கட்டுனது. நாளைக்கு ஆரு கேட்டாலும், எங்க பெரியப்பா கட்டுனதுன்னு சொல்லணும், கேட்டியா."

எனக்கு ராஜா நினைவுக்கு வந்தான். அதே மாடி, அதே பேச்சு. வானத்தை அண்ணாந்து பார்த்தேன். அந்த நேரம் பார்த்து விமான நிலையத்தில் இறங்கப் போகும் விமானம் ஒன்று தலைக்கு மேலே பெரும் சத்தத்தோடு வந்தது. நான் வீறிட்டு அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். "பிளேனுக்குப் போயி பயப்படுதா பாரு" என்று பெரியப்பா சிரித்தார். ஆண்டவர் அவருக்குக் கொஞ்சம் தவணை கொடுத்திருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். அன்றிலிருந்து என் இராத்திரி ஜெபத்தில் ஒரு வரி கூடியது: பெரியப்பா புல் தின்னக் கூடாது.

கோயில் பிரதிஷ்டை நாளன்று தவணை முடிந்தது.

வெளியூரிலிருந்து பெரிய போதகர்மாரெல்லாம் வந்திருந்தார்கள். வாசலில் பெரியப்பாவின் பெயரை மட்டும் பொறித்த கல் பளபளத்தது. அக்காவின் அம்மா புதுச்சேலை கட்டிக்கொண்டு, முன்வரிசையில் ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மேடையிலிருந்து இறங்கி வந்த பெரியப்பா அவள் முன்னால் நின்றார். கையில் மைக்கு இருந்ததை மறந்துவிட்டார்.

"நீ எதுக்கு இங்க இருக்க? எந்திச்சுப் பின்னால போ. வேலைக்கு வந்த எடம்னு நெனச்சியா?"

கோயில் முழுக்கக் கேட்டது. தெருவில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியிலும் கேட்டிருக்கும். அவள் எழுந்தாள். கடைசி வரிசையிலும் உட்காராமல், வெளியே மிச்சம் கிடந்த செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டாள். அக்கா பாட்டுக் குழுவிலிருந்து இறங்கி அம்மாவிடம் போனாள். மைக்கு ஒயரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அப்பா தூணோரம் நின்றார். பாட்டு தொடர்ந்தது.

அதற்கப்புறம் ஞாயிறு பள்ளிக்கு டீச்சர் இல்லை. ஆராதனையிலும் ஒரு விசேஷம் நடந்தது. வருகிற ஆட்கள் எல்லோரும் பின்வரிசைகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள், இடமில்லாதவர்கள் நின்றார்கள். முன்னால் நாற்காலிகள் காலியாகக் கிடக்க, பெரியப்பா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். "முன்ன வாங்க, முன்ன வாங்க" என்று போதகர் கெஞ்சினார். ஒருவரும் அசையவில்லை. எனக்கு அது விளையாட்டு மாதிரி இருந்தது.

பிறகு சபைக் கூட்டம் வந்தது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறி எட்டிப் பார்த்தேன். போதகர் ஏதோ கேட்டார். கைகள் உயர்ந்தன. முதலில் பின்னாலிருந்து, அப்புறம் நடுவில். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டே ஒரு கையைத் தூக்கினாள். கடைசியில் அப்பாவின் கை. துதி செய்கிறார்கள் என்று நினைத்தேன். எங்கள் சபையில் துதி செய்யும்போது எல்லோரும் கையை உயர்த்துவார்கள். நானும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினேன். பெரியப்பா திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பார்வை ஜன்னலுக்கு வந்தது. என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த கோயில் சாவியை அவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டாமலே நடந்து போனார்.

"நீ எதுக்குட்டி கையத் தூக்குன?" என்று வீட்டில் அம்மா அழுதாள். "பெரியப்பாவத் தலைவர் வேலைலேர்ந்து எறக்கத்தாண்டி தூக்குனோம்."

மறுநாள் பெரியம்மா வந்து, இனி வேலைக்கு வரவேண்டாமென்று அவர் சொல்லச் சொன்னதாக அப்பாவிடம் சொன்னாள். அப்பா கரமனைப் பக்கம் வேறொரு கட்டடத்துக்குப் போகத் தொடங்கினார். முன் வீட்டைத் தாண்டாமல், பின்சந்து வழியே சுற்றிக்கொண்டு போனார். வாடகை வீடு பார்க்க வேண்டியிருக்கும் என்று அம்மாவிடம் அவர் மெதுவாகச் சொன்னதைக் கேட்டேன்.

எனக்கோ வீட்டைப் பற்றிய கவலை இல்லை. அதிகாரம் போய்விட்டது, அடுத்தது புல். பெரியப்பா சனிக்கிழமைதோறும் தலைக்கு மை அடிப்பவர், இப்போது அடிக்கவில்லை. காதோரம் வெள்ளை இறங்கியது, தாடியும் வந்தது. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் ஜன்னல் வழியாக அவருடைய நகங்களைப் பார்த்தேன். சற்று வளர்ந்துதான் இருந்தன. ஒருநாள் எங்கள் வீட்டு நகவெட்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பெரியம்மாவிடம் நீட்டி, "பெரியப்பாக்கு வெட்டி விடுங்க" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பெரியப்பா தெருவில் இறங்குவதையே விட்டுவிட்டார். சாலைக் கடைக்காரர்கள் கண்ணில் படக் கூசினாரோ என்னவோ, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் காலை வேளைகளில் நடப்பார். அந்த மனை முழுக்கப் புல். அவர் அதற்குள் போகும்போதெல்லாம் நான் பல் விளக்கும் சாக்கில் கொல்லைப்படியில் நின்று காவல் காத்தேன்.

ஓர் ஆடி மாதத்து ஞாயிறு காலை. முந்தின நாள் பெய்த மழையில் மனை நொதநொதவென்று கிடந்தது. நான் பிரஷ்ஷோடு வந்து பார்த்தபோது பெரியப்பா நாலு காலில் இருந்தார். முழங்காலும் உள்ளங்கையும் சேற்றில் ஊன்றி, தலை தொங்க, முகம் புல்லில் முட்டுகிற மாதிரி. கை நடுங்க ஒரு பிடி புல்லைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தார்.

என் வாயிலிருந்து நுரை வழிந்தது. ஓடத் தோன்றவில்லை. கதையின் முடிவு மட்டும் பளிச்சென்று நினைவுக்கு வந்தது.

"பெரியப்பா, மேல பாருங்க!" என்று கத்தினேன். "தின்னாதீங்க! வானத்தப் பாருங்க பெரியப்பா! மேல பாருங்க!"

தொண்டை கிழியக் கத்தியிருக்க வேண்டும். வாயில் பேஸ்டோடு பக்கத்து வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்தார். கடைக்குக் கிளம்பிப் பின்சந்தில் இறங்கப் போன அப்பா பையைப் போட்டுவிட்டு, சுற்றுச் சுவரைத் தாண்டிக் குதித்து ஓடினார். பெரியப்பா மெல்லத் தலையைத் தூக்கினார். அண்ணாந்த முகத்துக்கு நேரே அப்பா நின்றார்.

"அண்ணே! எண்ணே!"

அப்பா அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, தோளில் சாய்த்து, எங்கள் கொல்லைப்படிக்குக் கொண்டுவந்தார். பெரியம்மா ஓடி வந்தாள். "ஒண்ணும் சாப்பிடாம மாத்திரைய மட்டும் போட்டுட்டுப் போயிருக்காவ! சுகர் எறங்கிருச்சு!" அம்மா சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கண் தெளிந்தது. அவருடைய உதட்டில் புல் ஒட்டியிருக்கிறதா என்று நான் குனிந்து குனிந்து பார்த்தேன். இல்லை.

அப்பா சேற்றைக் கழுவ அவர் பாதத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பெரியப்பா கேட்டார்:

"நீயும் கையத் தூக்குனியேல."

"தூக்குனேண்ணே."

"நான் சோறு போட்டேன் ஒனக்கு."

"ஆமாண்ணே." அப்பா செம்பைக் கீழே வைத்தார். "அந்தம்மா எந்திச்சு வெளிய போம்போ, நான் மைக்கு ஒயரப் பிடிச்சிட்டு சும்ம நின்னேன். அன்னைக்கே ஒங்க கையப் பிடிச்சிருக்கணும். பயம். அதுக்குத்தாண்ணே அழுதேன், ஒங்கள எறக்குனதுக்கு இல்ல."

அப்பா அழுத சமாச்சாரமே எனக்கு அப்போதுதான் தெரியும். பெரியப்பா செம்பை எடுத்துத் தன் கையைக் கழுவிக்கொண்டார். அம்மா தட்டில் வைத்த இட்லியை முழுவதும் சாப்பிட்டார்.

அடுத்த ஞாயிறு அவர் கோயிலுக்கு வந்தார். ஆராதனை தொடங்கிய பிறகு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முடிந்ததும் அக்காவின் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றார். என்ன சொன்னார் என்பது யாருக்கும் கேட்கவில்லை. இந்தத் தடவை மைக்கு இல்லை. அவள் தலையை ஆட்டினாள், ஆனால் சிரிக்கவில்லை. அவள் பழையபடி அவரிடம் வேலைக்குப் போகவுமில்லை. அக்கா மட்டும் சில வாரம் கழித்துப் பாடம் எடுக்கத் திரும்பி வந்தாள். அப்பாவும் முன் வாசல் வழியாக நடக்க ஆரம்பித்தார்.

எனக்குப் புதுக் கவலை பிடித்தது. ராஜாவுக்கு ராஜ்யம் திரும்பக் கிடைத்ததே, பெரியப்பாவுக்கு எப்போது? "ஆண்டவர் மறந்திருப்பாரோ?" என்று அக்காவிடம் கேட்டேன். "நீ கொஞ்சம் சும்மாதான் இரேன், மோளே" என்றாள்.

மறு வருஷம் சபைக் கூட்டம் வந்தபோது ஜன்னலில் முதல் ஆளாக ஏறிக்கொண்டேன். தலைவர் பொறுப்புக்குப் பெயர் சொல்லுங்கள் என்றார் போதகர். அப்போது அக்காவின் அம்மா எழுந்தாள். "கான்ட்ராக்டரு அண்ணாச்சியே இருக்கட்டும். இப்பம் இருக்கலாம்" என்றாள். நான் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கதை சரியாக முடியப் போகிறது.

பெரியப்பா எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"எனக்கு சுகரு கூடிட்டு. என்னால ஆவாது. நீங்க வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

நான் கம்பியிலிருந்து வழுக்கி இறங்கினேன். ஆண்டவர் திருப்பிக் கொடுத்ததை வேண்டாமென்று சொன்னால் அவருக்குக் கோபம் வராதா? ராஜாகூட அப்படிச் சொன்னதில்லையே. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கவலையோடு பெரியவர்களுக்குப் பின்னால் நடந்தேன். அவர்களுக்கோ கவலையே இருந்த மாதிரி தெரியவில்லை. அப்பாவும் பெரியப்பாவும் சாலைக் கடைத்தெருவில் சேர்ந்து நடந்தார்கள். வாழைக்குலை தொங்கிய ஒரு கடையில் பெரியப்பா விலை கேட்க, "சுகர் கூடிட்டுன்னு இப்பந்தான சொன்னீங்க" என்று அப்பா கையைத் தட்டிவிட்டார். பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன். "பெரியப்பா வேண்டாம்னு சொல்லிட்டாவளே. இனி என்னம்மா ஆகும்?"

"என்ன ஆகும்? வீட்டுக்குப் போயி சோறு திம்போம்."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பெரியம்மாவும் சிரித்தாள். அந்த நாலு பேரும் அவ்வளவு சந்தோஷமாக நடந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கிடைக்க இருந்த ராஜ்யம் கைவிட்டுப் போன நாளில் இவர்களால் எப்படிச் சிரிக்க முடிகிறது என்று நினைத்து, எனக்கு அழுகை அழுகையாக வந்தது.