புது வலையில் விழுந்த வௌவால்

மலைக்காட்டில் எலிகளையும் வௌவால்களையும் கணக்கெடுக்கும் வேலையில் என் அத்தை சேர்ந்தபோது, திருவொற்றியூரில் எங்கள் மீனவக் குப்பமே சிரித்தது. அதிகம் சிரித்தவர் அவளுடைய அண்ணன், அதாவது என் அப்பா. "காசிமேட்டுல இல்லாத எலியா மலைல கீது?" என்று போவோர் வருவோரிடமெல்லாம் கேட்பார். சிரிப்புக்கு அடியில் பிடிவாதம் இருந்தது. காடெல்லாம் வேண்டாம், ஊரோடு ஒரு வேலை பார் என்பது அவர் கட்சி. அண்ணன் பேச்சை மீற அத்தைக்கும் மனம் வராது. ஒரே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்லும்படி கெஞ்சினாள்.

கோடை விடுமுறையில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு மலையேறினார். காலையில் தகரப் பொறியில் வறுத்த தேங்காய்க்கு ஆசைப்பட்டு ஓர் எலி மாட்டியிருந்தது. வெள்ளை வயிறு, பளபளக்கும் கண். "நம்மூரு எலி மாதிரி கலீஜா இல்ல. மாப்ள கணக்கா கீது" என்று அப்பா அதற்கு நற்சான்று கொடுத்தார். அத்தை அதை எடை போட்டு, வாலை அளந்து, பிடித்த இடத்திலேயே விட்டாள். எனக்கு அதைப் பிரிய மனமில்லை.

சாயங்காலம் ஓடைக்கு மேலே புத்தம் புது வலை ஒன்றைக் கட்டினாள். தலைமுடியைவிட மெல்லிய நூல். அப்பா விரலால் தேய்த்துப் பார்த்தார். "இதுக்குப் பேரு வலையா? நெத்திலி கூட அறுத்துக்கினு பூடும்." அத்தையின் முகம் வாடிவிட்டது.

இருட்டத் தொடங்கியதும் ஒரு வௌவால் வந்து விழுந்தது. அத்தை கையுறை போட்டுப் பதமாகப் பிரித்தெடுத்து, டார்ச் அடித்துப் பார்த்தவள் குதித்தே விட்டாள். "அண்ணா, இத்தத்தான் தேடிக்கினு இருந்தோம்!" அதைத் துணிப்பையில் போட்டு அப்பாவிடம் கொடுத்துவிட்டு, அளவுகோல் எடுக்கக் கூடாரத்துக்கு ஓடினாள்.

அப்பா செருப்பைக் கழற்றினார். பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். பிறகு அதன் வாயை அவிழ்த்துவிட்டார். வௌவால் விளிம்புவரை ஏறி வந்து, ஜிவ்வென்று போயே போய்விட்டது.

"நைனா!" என்று நான் அலறியதில் அத்தை ஓடிவந்தாள். காலிப் பையைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா பண்ண?"

"இன்னாம்மா கேக்குற? புது வலையாச்சே. மொதோ மீன கடலம்மாவுக்கே வுட்டுட மாட்டோம்? நம்ம வூட்டு வலைல மொதல்ல விழுந்தத யாருன்னா எடுப்பாங்களா?"

அத்தை பாறையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். காரணம் தெரியாமல் அப்பாவும் சேர்ந்துகொண்டார். அவர்களைப் பார்த்து நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் அந்த வௌவாலுக்காக அழுகையாக வந்தது.

ஊர் திரும்பும் ரயிலில் எனக்கு ஆறவேயில்லை. அவ்வளவு நாள் தேடியது கை நழுவிப் போயிருக்கிறது, சண்டை போடாமல் சிரிக்கிறாளே, அத்தைக்குச் சாமர்த்தியமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தடவை அவள் மலைக்குக் கிளம்பியபோது அப்பாவே வலை மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். வலையா என்று கேட்ட அதே வாயால் 'நம்ம வூட்டு வலை' என்று அவர் சொன்னது அன்று மலையில் என் காதில் விழவே இல்லை. அத்தையின் காதில் அது மட்டும்தான் விழுந்திருக்கிறது.