பவளம் ஏன் சுருங்கியது

இதை எழுத உட்காரும்போதே கோபம் வருகிறது. இந்நேரம் ஆறியிருக்கும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

ஆரணியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறேன். என் கணவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து பட்டுப்புடவை வியாபாரம் செய்கிறார்கள். ஒரே வீடு. கீழே அண்ணன் குடும்பம், மேலே நாங்கள். மேல் ஹாலின் மூலையில்தான் என் கடல்நீர்த் தொட்டி இருந்தது. எங்கள் ஊருக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கேன் தண்ணீரில் அதற்கென்று விற்கும் உப்பைக் கரைத்து, அளவு பார்த்து, கடலை நானே தயாரித்துக்கொள்வேன். இரண்டு கோமாளி மீன்கள், கொஞ்சம் நத்தைகள், ஒரு இறால், நடுவில் ஒரு தோல் பவளம்.

தோல் பவளம் பார்க்கக் காளான் மாதிரி இருக்கும். தடித்த காம்பு, மேலே மடிப்பு மடிப்பாக ஒரு குடை. விளக்கைப் போட்டால் குடை முழுக்கப் பூனைமுடி போல மெல்லிய கைகள் வெளியே வந்து தண்ணீரின் போக்கில் ஆடும். வேலையிலிருந்து வந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் அதன் முன்னால் நிற்பேன்.

கோடை தொடங்கிய சமயத்தில் அது கைகளை உள்ளே இழுத்துக்கொண்டது. முதலில் நான் பயப்படவில்லை. இந்த வகைப் பவளம் அவ்வப்போது மூடிக்கொண்டு, மேலே மெழுகு போல ஒரு படலத்தை உரித்துவிட்டுத் திரும்பவும் விரியும். காத்திருந்தேன். படலம் உரியவில்லை. குடை சுருங்கிக்கொண்டே போய் ஓரங்கள் பழுப்பாகிக் கரைய ஆரம்பித்தன.

உப்பு அடர்த்தி பார்த்தேன், சரியாக இருந்தது. வெயில் காலம் என்பதால் வெப்பத்தைச் சந்தேகித்து, தண்ணீருக்கு மேலே இன்னொரு ஃபேன் வைத்தேன். அம்மோனியா இல்லை. விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்தேன். அலை பம்பைத் திருப்பி வைத்தேன். வாராவாரம் தண்ணீர் மாற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை. பிறத்தியார் ரத்தத்தில் என்ன குறை என்று தினமும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள் நான். என் கண்ணெதிரே கரைவது எதனால் என்று எனக்குத் தெரியவில்லை.

என் கணவரின் அண்ணனை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஒருநாள் அவர் மேலே வந்து, வாளியும் குழாயுமாக நான் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

“இன்னாம்மா, ஊருக்கெல்லாம் டெஸ்ட் எடுக்கிற. உன் வீட்டுத் தண்ணிக்கு இன்னா நோவுன்னு தெரியலியா?”

நானும் சிரித்து வைத்தேன்.

கடைசியில் கேன் தண்ணீர் மேல் சந்தேகம் வந்தது. நிலத்தடி நீரில் சாயத்தண்ணீர் கலந்திருக்குமோ என்று என் கணவரிடம் சொன்னேன். உடனே அவர் பைக்கை எடுத்தார். வந்தவாசி ரோட்டில் எங்களுக்குக் கேன் போடும் தண்ணீர் பிளாண்ட்டுக்கு என்னை அழைத்துப் போனார். அங்கே கேன்களைக் கழுவிக்கொண்டிருந்த உரிமையாளரிடம் எடுத்த எடுப்பிலேயே குரலை உயர்த்தினார்.

“இன்னா தண்ணிங்க குடுக்கிறீங்க? சாயத்தண்ணிய அப்படியே ரொப்பி அனுப்புறீங்களா?”

“சார், இதே தண்ணியதான் எங்க வீட்டுப் புள்ளைங்களும் குடிக்குதுங்க. நீங்களே உள்ள வந்து பாருங்க” என்றார் அந்த மனிதர். நாலு வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்த்தார்கள். என் கணவர் விடவில்லை. எனக்காக ஒருவர் இவ்வளவு பேசுகிறாரே என்று எனக்கு மனசு நிறைந்து போயிருந்தது. திரும்பி வரும்போது அவர் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நத்தைகள் செத்தன. மணலில் தலைகீழாகக் கிடந்தன. அடுத்து இறால். மீன்கள் மட்டும் எப்போதும்போல இரைக்குப் பாய்ந்து வந்தன. அப்போதுதான் புத்தியில் உறைத்தது. மீனை விட்டுவிட்டு நத்தையையும் இறாலையும் பவளத்தையும் மட்டும் கொல்கிற ஒன்று உண்டு. செம்பு. கொஞ்சம் கலந்தாலே போதும்.

சென்னையிலிருந்து செம்பைக் கண்டுபிடிக்கும் சோதனை மருந்தை வரவழைத்தேன். தொட்டித் தண்ணீரில் மருந்தை விட்டதும் நீலம் பூத்தது. கேன் தண்ணீரில் விட்டேன். நிறமே இல்லை. அப்படியானால் செம்பு தொட்டிக்குள்தான் இருக்கிறது.

பம்பைப் பிரித்தேன். கிளிப், திருகாணி எல்லாவற்றையும் பார்த்தேன். எதிலும் இல்லை. பிறகு பாறைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். பின்பக்கம், மணலுக்குள் பாதி புதைந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு செப்புத் தகடு. கட்டம் போட்டு எழுத்துகள் பொறித்தது. பச்சைப் பசேலென்று களிம்பு ஏறியிருந்தது.

ஈரக் கையோடு கீழே இறங்கிப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தகட்டை மேஜை மேல் வைத்தேன். இது என்ன என்று என் கணவர் கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

“அதை ஏம்மா எடுத்த? மண்டலம் முடியலியே” என்றார் மாமா.

“யார் வெச்சது?”

“வேலூர்லேர்ந்து வாஸ்து பாக்குறவரு வந்தாரு இல்ல, அவர் குடுத்தது. கன்னி மூலையில தண்ணி நிக்கக்கூடாதாம். அதான் வியாபாரம் மந்தமா போய்கினு இருக்குதாம். தொட்டிய எடுன்னா நீ கேக்க மாட்ட. உன் மனசும் நோவக்கூடாது, தோஷமும் போவணும். அதுக்குத்தான் வெச்சோம்.”

“வெச்சோம்னா, யாரு?”

என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். “நான்தான். செம்புச் சொம்புல தண்ணி குடிக்கிறோமே, அது நல்லதுதான? இது கெடுக்கும்னு எனக்கு இன்னா தெரியும்?”

“தெரியாது, சரி. பவளம் கரைய ஆரம்பிச்சப்ப சொல்லியிருக்கலாம் இல்ல?”

“சொன்னா நீ பேஜார் பண்ணுவ.”

“அந்தத் தண்ணி பிளாண்ட்காரரை எதுக்குங்க அந்தக் கத்து கத்துனீங்க?”

“நீதான அவர் மேல சந்தேகப்பட்டுகினு இருந்த.”

மாமாவின் மனைவி ரசத்தை என் பக்கம் நகர்த்தி, “ஒரு பூச்சிக்காவ குடும்பத்துல சண்டையா? உக்காந்து சாப்பிடு” என்றார்.

நான் உட்காரவில்லை. அன்று அந்த மேஜையைக் கவிழ்க்காமல் எப்படி வந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. தகடு வைத்தது அறியாமை என்று விட்டுவிடலாம். வாராவாரம் நான் முழங்கை வரை நனைந்து, என் மேலேயே பழி போட்டுக்கொண்டு தவித்ததை இரண்டு ஆண்கள் வேடிக்கை பார்த்தார்களே, அதை எந்தக் கணக்கில் விடுவது? ஒருவர் அதைச் சொல்லிச் சிரித்தார். இன்னொருவர் எனக்குத் துணை வருவதுபோல் நடித்து, சம்பந்தமே இல்லாத ஒருவரை நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்தினார். அந்தத் தோளில் நான் கை வைத்துக்கொண்டு வந்தேன்.

புதிதாக உப்புநீர் கலக்கினேன். குடையில் கெடாமல் இருந்த பகுதியைப் புது பிளேடால் அறுத்தெடுத்தேன். கரைந்த பாகத்தால் வாளியெல்லாம் நாறியது. அறுத்த துண்டைச் சுத்தமான ஒரு சின்னக் கல்லின் மேல் வைத்து, கொசுவலைத் துணியால் இறுகாமல் கட்டினேன். செம்பு ஊறிய பாறை, மணல் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன். மீன்களையும் துண்டையும் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய், அங்கே ஒரு சின்னப் புதுத் தொட்டியில் விட்டேன்.

என் கணவரிடம் ஒன்றுதான் கேட்டேன், பிளாண்ட்டுக்கு வரச் சொல்லி. வரமாட்டேன் என்றார். வராவிட்டால் அந்தத் தகட்டோடு நானே போய் நடந்ததைச் சொல்லுவேன் என்றேன். வந்தார். பைக்கை விட்டு இறங்காமலே, “தப்பு உங்க தண்ணில இல்லீங்க, எங்க வீட்ல” என்று முனகினார். அந்த மனிதர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, “பரவால்லீங்க” என்று சொல்லிக் கேன் கழுவப் போனார். கேட்க வேண்டிய வாடிக்கையாளர்கள் யாரும் அன்று அங்கே இல்லை. எனக்கு அது போதவில்லை. இறங்கிப் போய் நானும் மன்னிப்புக் கேட்டேன்.

துண்டு கல்லில் ஒட்டிக்கொண்டது. வெகுநாள் வெறும் தோலாகவே இருந்தது. மழைக்காலம் பிறந்த பிறகு ஒரு காலையில், ரத்தம் கொடுக்க வந்த ஒரு அம்மா, “இதுல இன்னாங்க, மசுரு மாதிரி ஆடுது?” என்று கேட்டார். ஊசியை ட்ரேயில் வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன். குடையின் ஓரத்தில் கைகள் நீண்டிருந்தன.

போன வாரம் என்னை அழைத்துப்போக வந்த என் கணவர் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

“நல்லா வந்துடுச்சே. வீட்டுக்கே எடுத்துகினு போயிடலாமா?”

“வேணாம்” என்றேன்.

விளக்கை அணைத்துவிட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டினேன்.