கால் முந்திப் பிறந்தவள்

அப்பா தியோதோரோ எடித்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு சமார் தீவின் அந்த மீனவக் கிராமத்தில் யாரும் கேட்டதில்லை. ‘சுஹி’ என்றுதான் கூப்பிடுவார். கால் முந்திப் பிறந்தவள் என்று அர்த்தம். ஊர்க்காரர்களுக்கு அது வரம். தொண்டையில் மீன்முள் சிக்கினால் சுஹி நீவிவிட்டால் இறங்கிவிடும் என்று சோற்றுக் கையோடு அவள் வாசலில் வந்து நிற்பார்கள். அப்பாவுக்கு அப்படியில்லை. அவளைப் பெறும்போதுதான் அவர் மனைவி லூஸ் ரத்தம் போய்ப் பாயிலேயே செத்தாள்.

எடித்தா கருவாடு காயவைத்துப் பிழைத்தாள். கணவன் ரமிலுக்கு மணிலாவில் கட்டட வேலை. எட்டாம் மாதம் முடிகிற சமயத்தில் சுகாதார நிலையத்து நர்ஸ் ரொசாரியோ வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எடித்தாவின் கையையே எடுத்து விலாவுக்குக் கீழே வைத்தாள்.

“உருண்டையா, கெட்டியா இருக்குல்ல? அதான் தலை. புள்ள உக்காந்திருக்கு.”

“என்ன மாதிரியேவா?”

“உன்ன மாதிரியேதான். ஆனா வீட்ல பெத்துக்குற வேலையெல்லாம் வேணாம். திரும்பினாலும் திரும்பும். இல்லன்னா டவுன் ஆஸ்பத்திரில ஆபரேஷன்.”

காலையும் மாலையும் முட்டி போட்டு, மார்பைத் தரையில் பதித்து, இடுப்பைத் தூக்கி இருக்கச் சொன்னாள். எடித்தா இருந்தாள். முட்டி கன்றிப்போனது. பக்கத்து வீட்டு நெனா ஜன்னலில் எட்டிப் பார்த்து, “என்னடி, தரைக்கடியில புதையலா தேடுற?” என்று சிரித்தாள். குழந்தை திரும்பவில்லை.

அப்பா வயிறு நீவுகிறவளைக் கூட்டி வந்தார். “அழுத்தித் திருப்பிடுவா. படு.”

“வேணாம்ப்பா. அழுத்தினா புள்ளைக்கு ஆபத்துன்னு நர்ஸ் சொல்லிருக்காங்க.”

“உங்கம்மாவுக்கு யாரும் அழுத்தல. அதான் போய்ச் சேந்தா.”

ரமிலிடம் போனில் சொன்னாள். “மாமா சொல்றதக் கேளேன். வயித்தக் கிழிச்சிட்டா அப்புறம் கருவாட்டுக் கூடை எப்படித் தூக்குவ?” என்றான். மறுவாரம் துணிப்பையோடு தனியாகவே டவுனுக்குப் போகும் ஜீப்னி வண்டியில் ஏறினாள்.

ஆபரேஷனில் ஆண் குழந்தை பிறந்தது. உப்பிய கன்னம், நல்ல தொண்டை.

தையல் பிரிப்பதற்கு முன்னால் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். பேரனை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியது. தன்னிடமும் ஏதாவது கேட்பார் என்று எடித்தா வலியோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

“இந்த வசதி அப்ப இருந்திருந்தா லூஸ் இன்னிக்கு இருந்திருப்பா,” என்றார். “இல்லன்னா நீயாவது வயித்துக்குள்ள திரும்பியிருக்கலாம்.”

அம்மாவின் சாவைப் பற்றி அதுவரை அவரை அவள் எதிர்த்துப் பேசியதில்லை.

“நான் அப்ப கண்ணே தொறக்கலப்பா. புள்ளயக் குடுங்க.”

கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

ஊர் திரும்பிய பிறகும் தினமும் வருகிறார். அவளிடம் பேச்சு கிடையாது. “உங்கம்மாவ சோறு போடச் சொல்லுடா,” என்று கைக்குழந்தையிடம் சொல்லுவார். அவள் போடுவாள். தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, கருவாட்டைப் புரட்டிப் போட வெயிலுக்குள் போய்விடுவாள்.