கண்ணாடிப் பெட்டிக்குள் முதல் ரேடியோ

என் அக்கா வேலை பார்த்த ரேடியோ கம்பெனி, தன் முப்பதாண்டு வரலாற்றைப் பளபளப்பான தாளில் அச்சடித்திருக்கிறது. நாற்பது பக்கம். முதலாளியின் படம் பதினொன்று, அவருடைய காரின் படம் இரண்டு. அக்காவின் படம் ஒன்றுகூட இல்லை. அந்தக் கம்பெனி முதன்முதலில் பேசியதே அவள் வாயால்தான் என்பதால் எனக்கு இதில் கோபம் உண்டு.

தொடக்க விழாவன்று மரப்பெட்டி தயார், குமிழ்கள் தயார், ரேடியோவைப் பேசவைக்கும் வால்வுகள் மட்டும் கப்பலில் வந்துகொண்டிருந்தன. வியாபாரிகளோ வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி அசரவில்லை. பெட்டிக்குள் கனத்துக்கு ஒரு செங்கல்லை வைத்தார். டைப்பிஸ்டாக இருந்த அக்காவிடம் செய்தித்தாளும் டார்ச்சும் கொடுத்து, தரை தொடும் விரிப்புப் போட்ட மேசைக்கு அடியில் உட்காரவைத்தார். குமிழைத் திருகியபடி அவர் காலால் ஒரு தட்டு தட்டினால் படிக்க வேண்டும், இரண்டு தட்டினால் நிறுத்த வேண்டும். நடுவில் அவளுக்குத் தும்மல் வந்துவிட்டது. காற்று மண்டலத்தில் கோளாறு என்றார் முதலாளி. வியாபாரிகள் விவரம் தெரிந்தவர்களைப் போலத் தலையாட்டினார்கள். இத்தனை தெளிவான ரேடியோவை அவர்கள் கேட்டதே இல்லையாம். ஆர்டர் குவிந்தது.

அந்தப் பெட்டியை முதலாளி வாசல் கூடத்தில் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டினார். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து வால்வுகள் வந்தன; கூடவே ஓர் இன்ஜினியரும் வந்தார். அவர் செய்த நிஜ ரேடியோ எண்ணெயில் கடுகு போட்டதுபோல் பொரிந்தது. முதலாளி கேட்டுவிட்டு, "முதல் ரேடியோ மாதிரி இல்லையே," என்றார். அதைத் திறந்து பார்க்கலாமா என்று இன்ஜினியர் கேட்டதற்கு, திறந்தால் ராசி போய்விடும் என்று சொல்லிவிட்டார். அந்த அப்பாவி இன்ஜினியர்தான் பிற்பாடு அக்காவைக் கட்டிக்கொண்டு எனக்கு அத்தான் ஆனார்.

அன்றிலிருந்து அந்தத் தெளிவைப் பிடிப்பதே அவருக்குப் பிழைப்பு. அவருடைய ஒவ்வொரு தோல்வியும் புது மாடலாக விற்றது. வீட்டிலும் சாப்பாட்டு மேசையில் ஸ்பீக்கரைக் கழற்றிப் போட்டு, காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். அக்கா ஏதாவது பேச வந்தால் கையைத் தூக்கிக் காட்டுவார். அவள் நிறுத்திவிடுவாள்.

அக்கா என்னிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே, அத்தானிடம் சொல்லிவிடு என்றேன். முதலில் வேலை போய்விடுமோ என்று பயந்தாள். பிறகு, இத்தனை வருஷ உழைப்பும் ஒரு செங்கல்லுக்காக என்று தெரிந்தால் மனுஷன் உடைந்துபோவாரே என்று பயந்தாள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

பழைய முதலாளி போய்ச் சேர்ந்தார். ஒன்றும் தெரியாத மகன், முப்பதாம் ஆண்டு விழா மேடையில் முதல் ரேடியோவைப் பேசவைக்கலாம் என்று, விழாவுக்கு முந்தின நாள் காலையில் கண்ணாடிப் பெட்டியின் சாவியை அத்தானிடம் கொடுக்கச் சொன்னார். அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பினார். அக்கா சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் நானும் அக்காவும் காத்திருந்தோம். அத்தான் வந்து, பையிலிருந்த செங்கல்லை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"உள்ள இதுதான் இருந்துச்சு."

"தெரியும்," என்றாள் அக்கா.

"அப்போ பேசினது யாரு?"

"மேசைக்கு அடியில நான்தான்."

கத்துவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைக்குப் படித்ததை இப்போது சொல்லச் சொன்னார். ஆற்றுப் பாலம் திறந்த செய்தியை அக்கா தலைகுனிந்தபடி சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த மனிதரைப் பார்க்க எனக்கே அழுகை வந்தது.

"இத்தனை வருஷமா வீட்ல இதே குரல்லதான் பேசிட்டு இருந்தியா?"

"ஆமா. நீங்க கையக் காட்டுவீங்க, நான் நிறுத்திடுவேன்."

வயதாகிவிட்டதால் முதல் ரேடியோ இனிப் பேசாது என்று அத்தான் எழுதிக் கொடுத்தனுப்பினார். அதன் தெளிவை எவராலும் எட்ட முடியவில்லை என்று விழாவில் பேசிக் கைதட்டல் வாங்கினார்கள். அத்தான் போகவில்லை. அன்று நான் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, தண்ணீர்க் குழாய் ஒழுகுவதைப் பற்றி அக்கா விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.